குளுதாடி முதல் காப்பி டம்ளர் வரை

காலையில் ஆவி பறக்கும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகை புரட்டும் நேயர்களே! உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் காப்பியில் கலந்திருக்கும் பால் எங்கிருந்து வந்தது? "பசுவிடமிருந்து" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரி, பசுவுக்கு அது எங்கிருந்து வந்தது? "புல்லிலிருந்து" என்று பாடப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை எழுதியவர் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து பார்த்ததில்லை போலும்!

இங்கே புல் என்பது விருந்தாளி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாலு நல்ல மழை பெய்தால் கண்மாய்க் கரையில் தலைகாட்டும். தை, மாசியில் விடைபெற்றுக்கொள்ளும். பங்குனி வெயிலில் செம்புறாங்கல் பூமி தோசைக்கல்லாகக் காயும்போது, மேய்ச்சலுக்குப் போன மாடு வெறும் காற்றைக் குடித்துவிட்டு வீடு திரும்பும். இருந்தும் இந்தச் சீமையில் விடியற்காலையில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், தூக்குவாளியும் கையுமாகப் பால் சொசைட்டியை நோக்கி நடக்கும் பெண்களைப் பார்க்கலாம். புல் இல்லாத ஊரில் பால் எப்படி வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் திருச்சியில் பஸ் ஏறினோம். கீரனூர் வழியாகப் போனால் புதுக்கோட்டை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

மன்னர் காலத்துச் சிக்கனம்

1948 மார்ச் 3-ஆம் தேதி இந்திய யூனியனுடன் இணையும் வரையில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட பூமி இது. பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. வெள்ளைக்காரன் காலத்திலும் தனக்கென்று சொந்தச் செப்புக் காசு அடித்துக்கொண்ட சமஸ்தானம். பிரகதாம்பாளின் உருவம் பொறித்த அந்த அம்மன் காசை நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுப்பார்கள். இருக்கிற காசுகளிலெல்லாம் மிகச் சிறிய காசு; அதற்கு இருக்கிற மரியாதையோ மிகப் பெரிது. சின்னதையும் வீணாக்காத அந்தப் புத்தி இந்த மண்ணில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க அரண்மனைக்குப் போக வேண்டியதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போனால் போதும்.

கொட்டகை வாசலில் கல்லாலோ சிமெண்டாலோ ஒரு தொட்டி இருக்கும். இந்தப் பக்கத்தில் அதற்குக் குளுதாடி என்று பெயர். அரிசி களைந்த கழுநீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், உளுந்து ஊறவைத்த தண்ணீர், தவிடு, ஒரு கை புண்ணாக்கு, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் அதில் சங்கமமாகும். பட்டணத்தில் குப்பை வண்டிக்குப் போவது இங்கே குளுதாடிக்குப் போகிறது. மறுநாள் காலையில் பாலாகத் திரும்பி வருகிறது.

இது மந்திரமல்ல. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை ஒரு பெரிய ஊறல் பானை. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம் வயிற்றால் ஒன்றும் செய்ய முடியாத வைக்கோலையும் சக்கையையும் அவை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. சுருங்கச் சொன்னால், பசுவை வளர்ப்பவர் பசுவுக்குத் தீனி போடுவதில்லை. அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் போடுகிறார். அவை சௌக்கியமாக இருந்தால் பசு சௌக்கியம்.

ஆலங்குடியில் கடலை ராஜ்யம்

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடி. வழியில் வம்பன் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த மையம் கண்டுபிடித்த உளுந்து ரகங்களுக்கு ஊர்ப் பெயரையே வைத்து 'வம்பன்' என்கிறார்கள். உளுந்தை உடைத்தால் மனிதருக்குப் பருப்பு, மாட்டுக்குப் பொட்டு. ஒரே செடியில் இரண்டு பந்திக்குச் சாப்பாடு!

ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களின் செம்மண்ணில் நிலக்கடலை நன்றாக வருகிறது. கடலையைப் பறித்த பிறகு மிஞ்சும் கொடிதான் இங்கே மாட்டுக்கு அல்வா. நெல் வைக்கோலைவிடப் புரதச் சத்து இதில் இரண்டு மடங்குக்கும் அதிகம். காய் பிடுங்கி முடித்த ஒரு களத்தில், கொடியைக் காயவைத்துப் படப்புப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"இத்தனை கொடியையும் விற்கவா போகிறீர்கள் ஆத்தா?"

"விக்கிறதா? நல்லா கேட்டீங்க தம்பி! கடலை வெலை ஏறும், எறங்கும். மழை பேஞ்சா வெளையும், பேயாட்டி இல்லை. மாடு அப்படியில்லையே? பத்து நாளைக்கு ஒருக்காப் பால் காசு வந்துருது. பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போறது அதுலதான்."

கடலை மனிதருக்கு, கொடி மாட்டுக்கு. கடலை பொய்த்தாலும் மாடு குடும்பத்தைத் தாங்கும். இதைவிடச் சுருக்கமாகப் பொருளாதாரப் பாடம் யாரும் நடத்திவிட முடியாது.

கடலைப் பருப்பு செக்குக்குப் போகிறது. எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயாக வந்துவிடும். மீதி புண்ணாக்கு. நூறு பங்கு கடலைப் புண்ணாக்கில் நாற்பது பங்குக்கு மேல் புரதம். தேங்காய்ப் புண்ணாக்கில் இருபதை ஒட்டியிருக்கும். வைக்கோலிலோ மூன்று, நான்குதான். கறவை மாட்டுக்காரர்கள் புண்ணாக்குக்கு ஏன் இத்தனை மரியாதை கொடுக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். பட்டணத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால் 'புண்ணாக்கு' என்கிறோம். ஆலங்குடியில் அப்படிச் சொன்னால் பாராட்டாக எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை!

வைக்கோலுக்கு ஒரு வைத்தியம்

தெற்கே அறந்தாங்கிப் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. மேட்டூர் அணையோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் காவிரித் தண்ணீரை இந்த வட்டாரம் வரை கொண்டுவருகிறது. கடைமடை ஆதலால் சில வருஷம் வரும், சில வருஷம் வழியிலேயே களைத்துவிடும். வந்த வருஷம் நெல், நெல்லோடு வைக்கோல். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலையும் இயந்திரமே உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டிவிடுகிறது.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் இருபது கிலோ உமியும் எட்டுக் கிலோ தவிடும் கிடைக்கும். தவிட்டைப் பசு விரும்பிச் சாப்பிடும். உமியில் இருப்பதோ மணல் சத்து. அது அடுப்புக்குத்தான் லாயக்கு. தவிட்டில் உமியைக் கலந்து விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "இது தவிடு, இது உமி" என்று சொல்லிவிடும் கிழவர்களும் உண்டு. இருவருக்கும் ஓயாத போட்டி.

வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர, மடியை நிரப்பாது. அதற்கு விஞ்ஞானிகள் ஒரு வைத்தியம் கண்டிருக்கிறார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் ஒரு கட்டியில்லாமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்துவிட வேண்டும். பிறகு திறந்து சற்று நேரம் ஆறவிட்டுப் போட்டால் மாடு ருசித்துத் தின்னும்; புரதமும் இரண்டு மடங்காகிவிடும். ஆனால் யூரியா கரைத்த வாளியை மாட்டின் எதிரே மறந்து வைத்துவிட்டால் அது வைத்தியமல்ல, எமன்! நேராகக் குடித்த மாடு பிழைப்பது அரிது. கன்றுக்குட்டிக்கு இந்த வைக்கோலே ஆகாது.

பலாப்பழமும் பொங்கல் பானையும்

சித்திரை பிறந்துவிட்டால் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் பலாப்பழ வாசனைதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் இந்தத் தோப்புகளைப் புரட்டிப் போட்டுவிட்டது. தென்னையும் பலாவும் மல்லாந்து கிடந்தன. தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? மரம் போன வீட்டில் மாடு மிச்சமிருந்தால், அதுதான் குடும்பத் தலைவன்.

பலாப்பழத்தில் நாம் தின்பது மூன்றில் ஒரு பங்குதான். முள் தோலும் சக்கையும் மாட்டுக்கு. நறுக்கிப் போட்டால் ஆவலாகத் தின்னும். இங்கேதான் ஓர் எச்சரிக்கை. இனிப்பும் மாவும் ஒரேயடியாக உள்ளே போனால் ஊறல் பானை புளித்துவிடும். நுண்ணுயிர்கள் அமிலத்தைக் கக்கும். வயிறு அசைவதை நிறுத்தும். மாடு அசைபோடாது, நிற்காது, ஒரு நாளில் சாய்ந்தும் போகலாம்.

கால்நடை மருத்துவர்களைக் கேட்டால் மாட்டுப் பொங்கலைப் பற்றிச் சொல்வார்கள். வருஷம் முழுவதும் உழைத்த ஜீவனுக்கு அன்றைக்கு அன்பு மிகுந்து, பானை பானையாகப் பொங்கலை ஊட்டிவிடுகிறோம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் அப்படியே குளுதாடியில் கொட்டிவிடுகிறோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் வரிசை! மனிதன் தின்று மிஞ்சியது மாட்டுக்கு என்பது சரி. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. எதையும் ஒரு பிடியில் ஆரம்பித்து, பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். வயிற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புதுச் சமையலுக்குப் பழக அவகாசம் வேண்டாமா?

வேண்டாத விருந்தாளியிலும் ஒரு நன்மை உண்டு. கண்மாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலைத் திட்டாதவர் இந்தச் சீமையில் இல்லை. அதன் இலையை மாடு சீந்தாது. மஞ்சளாகப் பழுத்து உதிரும் நெற்றோ சர்க்கரையும் புரதமும் உள்ளது. அதை உலர்த்திப் பொடித்துக் கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். பொடிக்காமல் முழுசாகப் போட்டால், விதை ஜீரணமாகாமல் சாணத்தோடு வெளிவந்து அடுத்த கண்மாயிலும் காடு வளர்த்துவிடும்!

பட்டணத்துப் பசுவின் கதை வேறு. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சுவரொட்டியைப் பசையோடு உரித்துத் தின்கிறது. காய்கறிக் கழிவைப் பாலிதீன் பையில் முடிந்து எறிகிறோம். பையை அவிழ்க்க அதற்குக் கை ஏது? 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை. சட்டம் வந்துவிட்டது. பையும் முழுவதுமாகப் போய்விட்டால் மாடுகள் நன்றி சொல்லும்.

பிரதமர் திறந்த தவிட்டு ஆலை

தவிடு, புண்ணாக்கு என்றால் அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1964 அக்டோபர் 31-ஆம் தேதி குஜராத்தில் ஆனந்துக்கு அருகே கஞ்சாரி என்ற ஊரில், அமுல் கூட்டுறவு நிறுவனத்தின் மாட்டுத் தீவன ஆலையைத் திறந்துவைக்கப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வந்தார். அதற்கு முதல் நாள் இரவு அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கி, ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார். இந்த ஊர் சொசைட்டி எப்படி நடக்கிறது, ஏன் நன்றாக நடக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். இதே மாதிரி நாடெங்கும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதன் விளைவாக 1965-இல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. குரியன் அதன் தலைவரானார். 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது. இவ்வளவுக்கும் பிள்ளையார் சுழி போட்டது, தவிடும் புண்ணாக்கும் கலக்கும் ஒரு தொழிற்சாலை!

வீட்டிலேயே கலந்துகொள்ள ஒரு கணக்கு உண்டு. நூறு கிலோவில் நொறுக்கிய தானியம் 35, புண்ணாக்கு 30, தவிடும் பொட்டுமாக 32, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. பசுவின் உடம்புக்கென்று தினம் ஒன்றரைக் கிலோ. அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பசும்புல் கிடைத்தால் இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு லட்சம் வான்கோழிகள்

இதுவரை சொன்னதெல்லாம் சுப விஷயம். இனி வருவது சற்றுக் கசப்பானது.

1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிப் பண்ணைகளில் ஒரு விபரீதம் நடந்தது. சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. 'எக்ஸ் வியாதி' என்று பெயர் வைத்தார்கள். துப்புத் துலக்கிக்கொண்டே போனபோது குற்றவாளி தீவனத் தொட்டியில் அகப்பட்டான். பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு! அதில் பூத்திருந்த ஒருவகைப் பூஞ்சணம் கக்கிய விஷம்தான் அத்தனை உயிரையும் வாங்கியிருந்தது. அந்த விஷத்துக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் சூட்டினார்கள். கல்லீரலைத் தாக்குவது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பின்னர் நிரூபணமாயிற்று.

வான்கோழி செத்துக் காட்டிக் கொடுத்தது. பசு அப்படிச் செய்வதில்லை. கொஞ்சம் விஷமுள்ள புண்ணாக்கைத் தின்றுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். ஆனால் தின்ற ஒரு நாளுக்குள் அந்த விஷத்தின் ஒரு சிறு பங்கு, உருவம் மாறிப் பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், இது சாகாது.

2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. தண்ணீர் கலப்பதைப் பற்றித்தான் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சோதனை வேறு விதமாகச் சொல்லிற்று. 368 மாதிரிகளில் இந்தப் பூஞ்சண விஷம் வரம்புக்கு மேல் இருந்தது. எல்லா மாநிலங்களிலும் எண்ணிக்கையில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்கு! எடுத்த 551 மாதிரிகளில் 88. எந்தெந்த விஷயத்திலோ முதலிடம் வாங்கிப் பெருமைப்பட்டிருக்கிறோம். இது வெட்கப்பட வேண்டிய முதலிடம்.

பூஞ்சணம் வருவது விதியால் அல்ல, ஈரத்தால். பறித்த கடலையைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை பிடிப்பது, சொத்தைக் கடலையை "எண்ணெய்க்குத்தானே" என்று செக்கில் போடுவது, புண்ணாக்கு மூட்டையை மழைக்காலத்தில் வெறும் தரையில் சுவரோடு சாய்த்து வைப்பது, இவைதான் காரணம். மனிதன் தின்னக் கூசும் சொத்தைக் கடலை எண்ணெயாகும்போது, விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது.

பரிகாரம் எளிது. கடலையை உதறினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரை காயவைக்க வேண்டும். சொத்தையையும் பூத்ததையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கக் கூடாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த புண்ணாக்கைக் கழுவிப் போடுவதும் வெயிலில் உலர்த்திப் போடுவதும் ஏமாற்று வேலை. பூ போய்விடும், விஷம் போகாது. நல்ல சேதியும் ஒன்று உண்டு. கெட்ட தீனியை நிறுத்திவிட்டால் மூன்று நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும்.

யார் கொடுப்பது?

பரிகாரம் இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் நடக்கவில்லை? கிராமத்தில் பால் வாங்கும் இடத்தில் சற்று நேரம் நின்றால் காரணம் தெரியும். கொண்டுவந்த பாலை அளக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று இயந்திரம் பார்த்துச் சொல்கிறது. அந்த எண்ணைப் பொறுத்துத்தான் விலை. புண்ணாக்கைப் பார்த்துப் பார்த்து வாங்கிய பெண்ணுக்கும், பூத்த மூட்டையை மலிவாக வாங்கிக் கரைத்து ஊற்றியவருக்கும், கொழுப்பு ஒன்றாயிருந்தால் காசும் ஒன்றுதான். விஷத்தைச் சோதிக்கும் கருவி இருப்பது, லாரி ஏறிப் பல ஊர்ப் பாலும் ஒன்றாகக் கலந்த பிறகு வரும் பெரிய ஆய்வுக்கூடங்களில். அங்கே குற்றம் தெரிந்தாலும், எந்தக் குளுதாடியில் பிறந்த குற்றம் என்று யார் சொல்வது?

ஆலங்குடி அம்மாளிடம் இதைச் சொன்னோம். அவர் கொடியை உதறுவதை நிறுத்தவில்லை.

"பூத்த புண்ணாக்க நாங்க போட மாட்டோம் தம்பி. எங்க மாமியா காலத்துலேயே போட மாட்டாக. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். தவிட்டோட கரைச்சு ஊத்தி ஏமாத்துறது நாமதானே? ஆனா ஒண்ணு. நல்ல புண்ணாக்கு விக்கிற வெலையில, இல்லாதவ என்ன செய்வா? அவளும் புள்ளைக்குட்டிக்காரிதானே?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்களிடம் அது இருக்கிறது. நெல்லுக்குக் களத்திலேயே ஈரம் பார்த்து விலை போடுகிறோம். புண்ணாக்குக்கும் அப்படிப் பார்க்கலாம். பல ஊர்ப் பால் ஒன்றாகக் கலப்பதற்கு முன்பே, வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு சொசைட்டிப் பாலையும் தனியாகச் சோதிக்கலாம். சுத்தமாக வந்த ஊருக்கு லிட்டருக்குச் சில காசு கூட்டிக் கொடுக்கலாம். அந்தக் காசு கைக்கு வருகிறது என்று தெரிந்தால், பலகை போடச் சொல்லி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்காது. மூட்டைகள் தாமாகவே தரையை விட்டு மேலே ஏறிவிடும்.

மிகச் சிறிய செப்புக் காசிலும் அம்மனைப் பொறித்து மரியாதை செய்த சீமை இது. லிட்டருக்குச் சில காசு என்பதன் மதிப்பு இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.